தனகோடிக்கு மூன்று மாதப் பாஸ்

மிஸ் ஷர்மிளா நான்கு அத்தியாயங்களில் ஏழு தடவை மயங்கி விழுந்திருந்தாள். ஏழு தடவையும் துப்பறியும் பிங்களன்தான் தாங்கிப் பிடித்தான். சண்முகசுந்தரத்தைப் பொறுத்தவரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிங்களன் சண்முகசுந்தரத்தின் ஆள் இல்லை. 'வெண்சங்கு' வார இதழில் அமுதகிரி என்ற எழுத்தாளர் ஒன்பது வருடமாக நடமாட விட்டிருந்த ஆள். வியாழக்கிழமை காலை கட்டாக வந்து பஸ்ஸிலிருந்து இறங்குவான். சாயங்காலத்துக்குள் நெய்வேலி டவுன்ஷிப்பில் பாதிப்பேர் படித்து முடித்து, மீதிப்பேருக்குக் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவார்கள். மிச்சம் ஆறு நாளும் பிங்களன் இல்லாமல் கழிய வேண்டியிருந்தது. அந்த ஆறு நாளைச் சரிக்கட்டத்தான் சண்முகசுந்தரம் தன் கையெழுத்துப் பத்திரிகையில் பிங்களனை வைத்துத் தானே எழுத ஆரம்பித்தான். அமுதகிரியிடம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு சைக்கிளை எடுப்பது மாதிரிதான். பொழுது சாய்வதற்குள் எடுத்த இடத்தில் விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

பிங்களன் மட்டும் இரவல். ஷர்மிளா சொந்தச் சரக்கு.

பத்திரிகையின் பெயர் 'பழுப்பு'. பழுப்பு நிலக்கரியால் சோறு தின்கிற ஊரில் வேறென்ன பெயர் வைப்பது என்று முதல் இதழிலேயே தலையங்கம் எழுதியிருந்தான். மாதம் ஓர் இதழ், இதழுக்கு ஒரே பிரதி. பிளாக் பதினொன்றில் கிளம்பி வீட்டுக்கு ஒரு நாளாகச் சுற்றிவிட்டு, மாதக் கடைசியில் குழம்புக் கறையுடன் திரும்பும். பின்னால் நான்கு பக்கங்கள் வெறுமையாக விட்டு, மேலே 'வாசகர் கருத்து' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருப்பான். படித்தவர்கள் அதில் எழுத வேண்டும். எழுதினார்கள். 'அருமை.' 'மிக அருமை.' 'இதழை இரண்டு நாள் வைத்துக்கொண்ட எதிர் குவார்ட்டர்ஸ்காரருக்குக் கண்டனம்.'

எண்பத்திரண்டாம் வருடம் ஜூன் மாத இதழ் திரும்பி வந்தபோது பச்சை மையில் ஒரு கருத்து இருந்தது.

'ஷர்மிளா நான்கு அத்தியாயமாக எதுவும் சாப்பிடவில்லை. அதனால்தான் மயக்கம். ஆசிரியர் கவனிக்கவும்.'

பெயர் போடவில்லை. சண்முகசுந்தரம் முதல் அத்தியாயத்திலிருந்து திருப்பிப் பார்த்தான். உண்மைதான். இடுப்பளவு கூந்தல் கொடுத்திருந்தான், ஐந்து மொழி கொடுத்திருந்தான், கராத்தேயில் கறுப்பு பெல்ட் கொடுத்திருந்தான். இட்லி ஒன்று கொடுக்கத் தோன்றவில்லை. ஒரு காபிகூடக் கிடையாது. ஆறாவது மயக்கத்தின்போது பிங்களன் முகத்தில் தெளித்த தண்ணீர்தான் அவள் வாய்க்குள் போன ஒரே வஸ்து.

அன்று ராத்திரி அவன் சாப்பிடும்போது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"காலை ஆட்டாதடா, தட்டு ஆடுது" என்றாள் அம்மா பார்வதி.

பச்சை மை யாருடையது என்று கண்டுபிடிக்கப் பிங்களன் தேவைப்படவில்லை. அடுத்த வரிசைக் கமலாவிடம் கேட்டதும், "அதுவா? எங்கூட டைப் கிளாஸ்ல படிக்கிற பொண்ணு. 'பழுப்பு' எங்க வீட்டுக்கு வந்தன்னிக்கு எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேன். ஏன், எழுதக்கூடாதா?" என்றாள். டைப் கிளாஸ் வடலூரில். அதே கிளாஸில் சண்முகசுந்தரமும் ஆறு மாதமாக 'லோயர்' பரீட்சைக்கு அடித்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் மூன்றாம் வருடம், இரண்டு பேப்பர் பாக்கி. "டிகிரி கெடக்கட்டும்லே, டைப் தெரிஞ்சாலாவது ஆபீஸ்ல பர்மனென்ட் ஆவே" என்று சேர்த்துவிட்டவர் அப்பா அய்யாசாமி. அவர் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டில் ஃபோர்மேனாகப் பதினாறு வருடம் முழங்காலைத் தேய்த்தவர். உலகத்து மனிதர்கள் இரண்டே வகை, பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்பது அவர் கொள்கை. மகன் மூன்றாவது வகை என்று சந்தேகித்தார்.

ஜன்னலோர மெஷினில் ஹையர் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் ஜாக்கெட் கையோரத்தில் பச்சை மைக் கறை இருந்தது. செல்லக்கிளி என்று பெயர். சண்முகசுந்தரம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தாளைச் செருகினான்.

"ஷர்மிளாவைப் பத்தி எழுதினது நீங்களா?"

அவள் கை நிற்கவில்லை. "எந்த ஷர்மிளா? பட்டினி கெடக்கறாளே, அவளா?"

"அவ பெரிய இடத்துப் பொண்ணுங்க. மெட்ராஸ்."

"மெட்ராஸ்ல சோறு போடமாட்டாங்களா?"

"கதையில எல்லாத்தையும் எழுதிக்கிட்டிருக்க முடியாது."

"ஏழு தரம் வுழுந்தத எழுத முடிஞ்சுதில்ல?"

மாஸ்டர் வெள்ளைச்சாமி மேஜையில் ஸ்கேலால் தட்டினார். "சண்முகசுந்தரம், மெஷின்ல சத்தம் வரணும், வாயில இல்ல."

அவன் நாலு வரி அடித்தான். அதில் மூன்று வரி தப்பு.

"உங்களுக்கு அவ பிடிக்கலன்னா வேற யாரு வேணும்? சொல்லுங்க, வச்சிடறேன்" என்றான், இறங்கிப்போகிற மாதிரி.

"நீங்க வைக்க வேணாங்க. அடுத்த மாசம் கமலா வூட்டுக்கு வர்றப்ப நானே எழுதறேன்."

ஜூலை இதழ் திரும்பியபோது வாசகர் கருத்துக்கு இடமே இல்லை. நான்கு பக்கமும் பச்சை. அட்டையின் உட்புறத்தில் யாரோ பென்சிலால், 'கருத்துச் சொல்ல இடம் விடாத கருத்துக்குக் கண்டனம்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த நான்கு பக்கத்தில் இருந்தவள் தனகோடி. முதல் பஸ்ஸில் வருகிறாள். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியைக் கீழே கூட்டி அள்ளிக் கூடையில் போடுகிறாள். தலையில் துண்டு, மூக்குவரைக்கும் பழுப்புத் தூசி. தூக்குவாளியில் பழைய சோறு, தொட்டுக்கொள்ள முந்தாநாள் கருவாட்டுக் குழம்பு. அதை அவள் எத்தனை மணிக்கு, எந்தத் தூணின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பதுவரை இருந்தது. பிங்களன் இரண்டு அத்தியாயம் திண்டாடிய கேபிள் திருட்டை அவள் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டாள். காரணம் சுலபம். அவளை யாரும் பார்ப்பதில்லை, அதனால் அவள் முன்னால் எல்லாவற்றையும் பேசினார்கள். ஒரே ஒரு சிக்கல். அவளுடைய கேட் பாஸ் மூன்று மாதத்துக்குத்தான். பாஸ் முடிவதற்குள் துப்பு முடிய வேண்டும். முடியாவிட்டால் கேட்டுக்கு வெளியேதான், கதைக்கும் வெளியேதான்.

சண்முகசுந்தரம் இரண்டு தடவை படித்தான். பிறகு எழுந்து வீட்டைச் சுற்றி நடந்தான். மூன்றாம் தடவை படிக்கவில்லை. படித்தால் ஷர்மிளாவின் முகத்தில் விழிக்க முடியாது.

"நல்லாருக்குங்க" என்றான் மறுநாள், வயிற்றுவலிக்காரன் குரலில். "ஆனா இவ கதையில எங்க நிக்கிறா? பிங்களனுக்கு யாரு?"

"யாருமில்ல. பிங்களன் பர்மனென்ட்டு. தனகோடி கான்ட்ராக்ட்டு."

அதைச் சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா வைத்திலிங்கம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர் என்று கமலா சொல்லியிருந்தாள்.

ஆகஸ்டில் 'வெண்சங்கு' அந்த அறிவிப்பைப் போட்டது. 'பிங்களனுக்கு ஓர் உதவியாளர் தேவை! வாசகர்களே, நீங்களே படையுங்கள்! தேர்வாகும் பாத்திரம் அமுதகிரியின் தொடரில் நிரந்தர இடம் பெறும்.' இதழில் உள்ள கூப்பனை வெட்டி ஒட்டி அனுப்ப வேண்டும். கூப்பன் ஒன்றுக்கு ஒரு பாத்திரம்.

செல்லக்கிளி அதைப் படித்துவிட்டு விரலை ஒரு சொல்லின் மேல் வைத்தாள். "நிரந்தரம்னா?"

"நிரந்தரம்னா நிரந்தரம்தான்."

"பர்மனென்ட்டு தானங்க?"

"அட, ஆமா."

அவள் அந்தச் சொல்லிலிருந்து விரலை எடுக்கவில்லை. "எங்க அப்பாரு பதினோரு வருசமா மூணு மாசம் மூணு மாசமா வேலை பாத்துகினு இருக்காரு. இவளாவது ஆவட்டுங்க. அனுப்பறீங்களா? உங்களுக்குத்தான் பத்திரிகைப் பழக்கமெல்லாம் தெரியும். எம்பேருல அனுப்புங்க."

"பின்னே? உங்க பேருலதான்" என்றான் சண்முகசுந்தரம்.

அதைச் சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. பொய்யாவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

முதலில் கூப்பன் கிடைக்கவில்லை. அந்த வாரம் 'வெண்சங்கு' கடைகளில் தீர்ந்துவிட்டது. வீட்டுப் பிரதியை அம்மா பாதி படித்த நிலையில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, அங்கே கூப்பனைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டது. கடைசியில் நூலகத்துப் பிரதியில் பிளேடு போட்டு வெட்டினான். பின்பக்கத்தில் 'டாக்டர் பதில்' பகுதி. யாரோ ஒரு வாசகரின் மூட்டுவலிக்கான தீர்வு கூப்பனோடு போய்விட்டது. தொண்டு மனப்பான்மையில் கேள்வியை மட்டும் நூலகத்திலேயே விட்டுவைத்தான்.

ஒரே கூப்பன். ஷர்மிளாவா, தனகோடியா? இதில் அவன் சத்தியமாக நேர்மையாகத்தான் நடந்துகொண்டான். தனகோடியைத் தாளில் சுத்தமாக நகல் எடுத்தான், ஒரு வரிகூட மாற்றவில்லை. கருவாட்டுக் குழம்பையும் விடவில்லை. இலக்கியத்தில் கடைசிவரைக்கும் யோக்கியனாக இருந்தவனை முகவரிதான் கவிழ்த்தது.

'படைத்தவர் பெயரும் முகவரியும்' என்று ஒரு கட்டம். செல்லக்கிளியின் முகவரி அவனுக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், ஆனால் மறுநாள் ஞாயிறு, கிளாஸ் இல்லை, கடைசித் தேதி நெருங்கிவிட்டது. 'செல்லக்கிளி, மேற்பார்வை: சண்முகசுந்தரம், பிளாக் 11' என்று எழுதலாம். ஆனால் வீட்டுக்கு வருகிற எல்லாத் தபாலையும் பிரிப்பவர் அப்பா. தன் வீட்டு விலாசத்துக்கு ஒரு பெண்ணின் பெயரில் கடிதம் வந்தால் கல்யாணம் முடிந்துவிட்டதென்றே முடிவுகட்டி, பெல்ட்டில் வேலை செய்கிற கோவில்பட்டிக்காரர் அத்தனை பேரிடமும் யோசனை கேட்பார். இப்படி வரிசையாகக் காரணங்கள் வந்து நின்றன. எல்லாமே நல்ல காரணங்கள். அவ்வளவு நல்ல காரணங்கள் ஒரே நேரத்தில் வந்ததுதான் அவனுக்கே சற்று உறுத்தியது.

'அ. சண்முகசுந்தரம், நெய்வேலி' என்று எழுதினான். எழுதிப் பார்த்தபோது அச்சில் எப்படி இருக்கும் என்றும் ஒரு கணம் பார்த்தான். அந்தக் கணத்தை அவன் காரணங்களில் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை செல்லக்கிளி கேட்டாள். "அனுப்பிட்டீங்களா? எம்பேருதான போட்டீங்க?"

"பின்னே?" என்றான்.

ஒரே சொல். இரண்டு நாளுக்கு முன்னால் சொன்ன அதே சொல்தான்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவன் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டில் கால் ஆடியது, படுக்கையில் கால் ஆடியது, டைப் மெஷினின் கேரியேஜ்கூட அவன் கையில் பட்டு வரி முடியும் முன்பே ஓடிப்போய் மணி அடித்தது. டவுன்ஷிப் ரோடுகளில் சைக்கிளை மிதித்தான். எல்லா ரோடும் நேராகப் போய், ஒரே மாதிரி மஞ்சள் குவார்ட்டர்ஸ்களைக் காட்டிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தன. ஷிப்ட் சங்கு ஊதும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று இருந்தது. பரிசு கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிற எழுத்தாளர்கள் நாட்டில் ஏராளம். கிடைக்கவே கூடாது என்று, வடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஞான சபை இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வியாழன்தோறும் முதல் பஸ்ஸில் வடலூர் போய்க் கட்டுப் பிரிக்கும்போதே கடை முன்னால் நின்றான். ஏழாவது வியாழன் அட்டையிலேயே போட்டிருந்தார்கள். 'பிங்களனின் புதிய உதவியாளர் இதோ!'

'தேர்வான பாத்திரம்: தனகோடி. படைத்தவர்: அ. சண்முகசுந்தரம், நெய்வேலி.'

காது இரண்டும் சுட்டன. அச்சில் அவன் நினைத்ததைவிட அழகாக இருந்தது. அதுதான் கொடுமை.

"எத்தனை இருக்கு?" என்றான் கடைக்காரரிடம்.

"என்னாது?"

"வெண்சங்கு. கடையில மொத்தம் எத்தனை இருக்கு?"

"ஏழு."

"ஏழையும் குடுங்க."

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாத்துலயும் ஒரே கதைதான் தம்பி."

ஏழையும் பையில் போட்டுக்கொண்டு, கடை மூலையில் நின்று ஒன்றைப் பிரித்துத் தொடரைப் படித்தான். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது.

'கோடிக்கணக்கான சொத்துக்கு ஒரே வாரிசான தனகோடி தன் வெளிநாட்டுக் காரிலிருந்து ஒயிலாக இறங்கினாள். இடுப்பளவு கூந்தல் காற்றில் அலைபாய்ந்தது.'

மேலே ஓட்டினான். துடைப்பம் இல்லை, கூடை இல்லை, பெல்ட் இல்லை, பாஸ் இல்லை. வைர மோதிரம் இருந்தது. கடைசிப் பாராவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. தனகோடி 'வீல்' என்று அலறி மயங்கிச் சாய்ந்தாள். பிங்களன் தாங்கிக்கொண்டான்.

சண்முகசுந்தரத்துக்கு மெல்லப் புரிந்தது. நெய்வேலி வட்டாரத்தில் தெருவுக்கு இரண்டு தனகோடி இருப்பார்கள். களை எடுப்பார்கள், கரி அள்ளுவார்கள், சந்தையில் கத்தரிக்காய் விற்பார்கள். அவர்களில் ஒருத்தியிடமும் தனமும் கிடையாது, கோடியும் கிடையாது. குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது பெற்றவர்கள் ஆசைப்பட்டதோடு சரி. மெட்ராஸில் இருந்த அமுதகிரிக்கு இது தெரியாது. அவர் பெயரை மட்டும் படித்திருக்கிறார். படித்ததை நம்பியும் விட்டார். நான்கு பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை.

கிளாஸுக்குள் நுழைந்தபோது பை தோளை இழுத்தது. செல்லக்கிளி ஜன்னலோரத்தில் இருந்தாள். மெஷினின் மேல் 'வெண்சங்கு' விரித்து வைத்திருந்தது.

பையிலிருந்து எட்டிப் பார்த்த ஏழு அட்டைகளையும் அவள் பார்த்தாள். "உங்க வூட்ல எத்தினி பேரு?"

அவன் பையைக் காலுக்கடியில் தள்ளினான். "உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"எங்க அப்பாரு குறிஞ்சிப்பாடியில வாங்கிகினு வந்தாரு. ஆறு வாரமா வியாழக்கெழமைன்னா வாங்கிகினு வராரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. எம்பேரு எந்த எடத்துல இருக்குன்னு வெரலு வச்சிக் காட்டச் சொன்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"அடுத்த வாரம் வரும்னேன்."

சண்முகசுந்தரம் காரணங்களைத் தேடினான். அன்றைக்கு அத்தனை வரிசையாக வந்து நின்றவற்றில் ஒன்றும் இப்போது வரவில்லை. அப்பா தபாலைப் பிரிப்பார் என்ற ஒன்று மட்டும் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

"இது உங்க தனகோடியே இல்லீங்க" என்றான் கடைசியில். "பாருங்க, காரு, மோதிரம். எல்லாத்தையும் அந்த ஆளு மாத்திட்டாரு. நீங்க எழுதினதுல ஒண்ணுகூட இல்ல."

"ஆமாங்க. முடி இடுப்பு வரிக்கும் இருக்குது. மயக்கம் போட்டு வுழறா. சோறு திங்கல." அவள் பத்திரிகையை மடித்து அவன் மெஷின் மேல் வைத்தாள். "இவ உங்களோடவதான். அச்சுல சரியாத்தான் போட்டிருக்கான். எட்டா வச்சிக்குங்க."

"செல்லக்கிளி…"

"என்னோடவ எங்கயும் போவல. அவ பாஸு முடியறதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது." முதல் தடவையாக அவள் மெஷினை விட்டு அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "'பழுப்பு'ல எனக்குப் பக்கம் வேணும். பின்னாடி இல்ல, மொதப் பக்கத்துலேர்ந்து. எம்பேரு போட்டு. மின்னாடி ஏன் போடலன்னும் போட்டு. அத நீங்கதான் எழுதணும், உங்க கையெழுத்துல."

"சத்தம், சத்தம்" என்று ஸ்கேலால் தட்டினார் வெள்ளைச்சாமி. செல்லக்கிளி திரும்பி அடிக்கத் தொடங்கினாள். அவள் மெஷின் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.

எழுதிவிடலாம், ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டுதான் அவன் வீடு திரும்பினான். வாசலில் கேசரி வாசனை வந்தது. அய்யாசாமி ஈஸிசேரில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்ததும் எழுந்தார். மகனுக்காக அவர் எழுந்து நின்றதை அவன் இதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏலே, பேரு வந்திருக்கு! அ. சண்முகசுந்தரம்னு இனிஷியலோட! அந்த 'அ' யாருன்னு நெனச்ச? நாந்தாம்லே!" சட்டைப் பையிலிருந்து மடித்த பக்கத்தை எடுத்தார். "ஷிப்ட்ல நாப்பது பேருக்குக் காட்டிட்டேன். ஒரு பய நம்பல. டைப் பாஸ் ஆவாம இதெல்லாம் எப்படி ஆனான்னு கேக்கான்."

கேசரி தொண்டையில் நின்றது. பதினைந்து நாள் நின்றது.

அந்தப் பதினைந்து நாளில் அவன் 'ஆசிரியர் குறிப்பு' என்று பதினொரு தடவை எழுதிக் கிழித்தான். ஒன்றில் தபால்துறை மேல் பழி போட்டான். ஒன்றில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஆரம்பித்தான். ஒன்று கவிதையாகப் போய்விட்டது. கடைசியில் நான்கு வரிதான் மிஞ்சியது. 'தனகோடி என்ற பாத்திரத்தைப் படைத்தவர் செல்வி வை. செல்லக்கிளி. போட்டிக்கு அனுப்பும்போது நான் என் பெயரை எழுதினேன். அவர் பெயரை எழுதியதாக அவரிடம் பொய் சொன்னேன். அச்சில் என் பெயரைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.' கடைசி வரியைத்தான் பதினொரு தடவையும் விட்டிருந்தான்.

அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து செல்லக்கிளியின் கதை பச்சை மையில் ஓடியது. பிங்களன் பெரிய கொலை வழக்கு ஒன்றுக்காகச் சுரங்கத்துக்கு வருகிறான். கேட்டில் பாஸ் கேட்கிறார்கள். அவனிடம் இல்லை. 'நான் பிங்களன்' என்கிறான். 'எந்த கான்ட்ராக்டர் ஆளு?' என்று கேட்கிறார்கள். கதை முழுக்க அவன் கேட்டில் நிற்கிறான். உள்ளே தனகோடி கரி அள்ளுகிறாள், வேப்பமர நிழலில் சோறு தின்கிறாள், குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறாள். அன்றைக்கு அவள் பாஸில் கடைசி நாள். சாயங்காலம் அவள் வெளியே வரும்போது பிங்களன் ஓடிவந்து, 'கொலைகாரன் யார்?' என்று கேட்கிறான். 'பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்று சொல்லிவிட்டு அவள் போகிறாள்.

அக்டோபர் இதழின் முதல் வாசகர் அய்யாசாமிதான் என்று அவரே அறிவித்துவிட்டார். இதுவரை 'பழுப்பு' பக்கம் எட்டிப் பார்க்காதவர், இப்போது ஷிப்டிலிருந்து வந்ததும் வராததுமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எங்கலே அது?" என்றார். சண்முகசுந்தரம் அதை அவர் மடியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். டவுன்ஷிப்பை இரண்டு சுற்று சுற்றினான். மூன்றாவது சுற்றில் செயின் கழன்றது. மாட்டினான், மறுபடி கழன்றது. தள்ளிக்கொண்டு வந்தான்.

அப்பா இன்னும் அதே நாற்காலியில் இருந்தார். இதழ் கடைசிப் பக்கம்வரை புரட்டப்பட்டிருந்தது.

"ஏலே, இந்தக் குறிப்பு நீ எழுதுனதுதானா?"

"ஆமாப்பா."

"கோழி கிண்டுன மாதிரி இருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பது பேருகிட்ட சொல்லிருக்கேன்."

"தெரியும்."

"நாளைக்கு ஷிப்ட் பஸ் நிக்கிற எடத்துக்கு இந்தப் பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா. நாப்பது பேருக்கும் நீயே படிச்சுக் காட்டு. எனக்கு வாய் வராது."

"சரிப்பா."

"அந்தப் புள்ளையோட அப்பன் யாரு?"

"வைத்திலிங்கம்னு பேரு. மூணாம் நம்பர் பெல்ட்டுக்குக் கீழே கரி அள்ளறாரு. கான்ட்ராக்ட். பதினோரு வருசமா."

அய்யாசாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் நம்பர் அவருடைய பெல்ட். "எங்கூடதாம்லே இருந்திருக்கான்" என்றார். "ஏய், கூட்டுறவனேன்னுதான் கூப்புடுவோம்."

பிறகு இதழை நீட்டினார். "கடைசில நானும் எழுதிருக்கேன். பாத்துக்கோ."

வாசகர் கருத்து முதல் வரியில், டூல் ரூம் ரிஜிஸ்டரில் எழுதுகிற அதே கொட்டைக் கையெழுத்தில் இருந்தது. 'குறிப்பு படித்தேன். ஆனால் கூப்பனை நூலகத்தில் வெட்டியது பற்றி ஏன் எழுதவில்லை? மூட்டுவலிக் கேள்வி நான் போட்டது. பதில் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அ. அய்யாசாமி, ஃபோர்மேன்.'

மறுநாள் காலை பஸ் நிற்கிற இடத்தில் அவன் நின்று படித்தான். நாற்பது பேரில் பாதிப்பேர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்கள். நாலாவது வரியில் யாரோ விசிலடித்தார்கள். அய்யாசாமி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஆனால் நின்றார். அன்றைக்கு மதியம் பெல்ட்டின் கீழே இறங்கி, வைத்திலிங்கத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இதழின் முதல் பக்கத்தில் மகள் பெயர் இருக்கிற இடத்தை விரல் வைத்துக் காட்டினாராம். இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. தைலம் தேய்க்கும்போது, "அந்த வைத்தி அழுவுதான்லே" என்று மட்டும் சொன்னார்.

'பழுப்பு' அந்த மாதம் வழக்கத்தைவிடப் பத்து வீடு கூடச் சுற்றியது. 'பிங்களனை இனி உள்ளே விடவேண்டாம்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 'ஷர்மிளா என்ன ஆனாள்?' என்று ஒரு பரிதாபமான குரல். சண்முகசுந்தரம் எல்லாவற்றையும் தாண்டிப் பச்சை மையைத் தேடினான். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. கால் ஆட ஆரம்பித்தது. நான்காவது பக்கத்தின் அடியில், குழம்புக் கறைக்கு மேலே இருந்தது.

'ஆசிரியர் குறிப்பில் சண்முகசுந்தரம் என்று ஒரு புதிய பாத்திரம் வருகிறது. ஓரளவு நம்பும்படி இருக்கிறது. பர்மனென்ட் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. மூன்று மாதத்துக்குப் பாஸ் போடலாம். வை. செல்லக்கிளி.'